ஒரே பெயர், ஒன்பது லைன்-அப்: டீப் பர்ப்பிளின் ஒலி எங்கே இருக்கிறது?

கேசட்காலம்

அக்கா மகன் கல்லூரி இரண்டாம் ஆண்டு. டீப் பர்ப்பிள் என்ற இங்கிலாந்து ராக் பேண்டைத் தேடியிருக்கிறான். ஃபோன் தன் இஷ்டத்துக்குக் கலந்து போட்டிருக்கிறது: 'ஹஷ்', 'ஹைவே ஸ்டார்', 'பர்ன்', 'யூ கீப் ஆன் மூவிங்', 'பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்', 'சம்டைம்ஸ் ஐ ஃபீல் லைக் ஸ்க்ரீமிங்'. எல்லாம் கேட்டுவிட்டு, "மாமா, இது ஆறு பேண்டா?" என்றான்.

நியாயமான கேள்விதான். 1968-இல் தொடங்கியவர்கள் 2024-இலும் புது ஆல்பம் போட்டார்கள். ரசிகர்கள் லைன்-அப்களை, அதாவது ஆள் மாறிய ஒவ்வொரு கூட்டணியையும், மார்க் 1, மார்க் 2 என்று எண்ணி இப்போது மார்க் 9-இல் நிற்கிறார்கள். எல்லா லைன்-அப்பிலும் இருந்தவர் டிரம்மர் இயன் பெய்ஸ் ஒருவர்தான். பாடகர்கள் மட்டும் நான்கு பேர், பாஸ் வாசித்தபடி பாடிய ஹியூஸையும் சேர்த்தால் ஐந்து.

பொதுவாக இந்தப் பேச்சு பாடகரில் 'கில்லனா கவர்டேலா', கிதாரில் 'பிளாக்மோரா மோர்ஸா' என்று போய் முட்டிக்கொள்ளும். என் கட்சி வேறு. இந்த பேண்டின் ஒலி ஆர்கனுக்கும் கிதாருக்கும் நடுவில் நடக்கும் தகராறில் இருக்கிறது. யார் வந்தாலும் போனாலும், அந்தத் தகராறு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பார்த்தால் எந்தக் காலத்து ஆல்பம் என்று சொல்லிவிடலாம். மறுப்பவர்கள் வரலாம். பாட்டோடு வாருங்கள், பெயரோடு மட்டும் வராதீர்கள்.

ஆறாவதுதந்தி

மறுக்க முதல் ஆளாக வந்துவிட்டேன் அண்ணே. தகராறு என்றால் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். 1970-க்குப் பிறகு அங்கே நடந்தது பிளாக்மோர் ஆட்சி. சரித்திரமே அப்படித்தானே? 1969 செப்டம்பர் 24 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், மால்கம் ஆர்னால்டு நடத்த, ராயல் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவோடு, பேண்டின் ஆர்கன்காரர் ஜான் லார்ட் எழுதிய கான்செர்ட்டோவை வாசித்தார்கள். பத்திரிகையெல்லாம் அதைப் பற்றியே எழுதின. பிளாக்மோருக்குப் பிடிக்கவில்லை. அடுத்த ஆல்பம் முழுக்க ராக்காக இருக்க வேண்டும் என்று நின்றார். 'இன் ராக்' வந்தது, இங்கிலாந்து பட்டியலில் ஒரு வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தது. அதோடு வழக்கு முடிந்தது. முதல் மூன்று ஆல்பத்தில் ஆர்கன்காரர் பேண்ட், அப்புறம் கிதார்காரர் பேண்ட். இவ்வளவுதான் கதை.

கறுப்புக்கட்டை

வழக்கு முடியவில்லை தம்பி. 'இன் ராக்'கிலேயே அதற்கு ஆதாரம் இருக்கிறது.

நான் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவள். அதனால் இந்த விஷயத்தைக் கொஞ்சம் உள்ளிருந்து சொல்கிறேன். ஹேமண்ட் ஆர்கனை வழக்கமாக லெஸ்லி ஸ்பீக்கரில் இணைப்பார்கள். உள்ளே கொம்பு சுழலும், ஒலி அலையலையாக மிதந்து வரும். மார்க் 1-இல் லார்ட் பெரும்பாலும் அந்த மரபில்தான் வாசிக்கிறார். 'ஷேட்ஸ் ஆஃப் டீப் பர்ப்பிள்' கேளுங்கள். அமெரிக்க வெனிலா ஃபட்ஜ் குழுவின் பாணி, அடுத்தவர் பாட்டை எடுத்து, வேகத்தைக் குறைத்து, ஆர்கனால் போர்த்திவிடுவது. பீட்டில்ஸின் 'ஹெல்ப்'பைக்கூட அப்படித்தான் இழுத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு லார்ட் செய்த காரியம்தான் முக்கியம். ஹேமண்டைக் கிதார்காரர்கள் வைத்திருக்கும் மார்ஷல் ஆம்பில் (ஒலிபெருக்கியில்) செருகிவிட்டார். ஆம்ப் அதிகச் சத்தத்தில் உடைந்து உறுமும். அப்படி உறுமும்போது ஆர்கனில் மூன்று நான்கு சுரம் சேர்த்து முழு கார்டு பிடித்தால் சேறாகிவிடும். ஆக, இரண்டு சுரம், நடுவில் நான்காவதோ ஐந்தாவதோ இடைவெளி, இப்படிச் சிக்கனமாகத்தான் பிடிக்க முடியும். ரிதம் கிதார்காரர் செய்கிற வேலையும் அதேதான். அதனால்தான் அந்த பேண்டுக்கு இரண்டாவது கிதார் தேவைப்படவே இல்லை. பிளாக்மோர் சோலோவுக்குப் போனால் கீழே தரை காணாமல் போகாது. லார்ட் பிடித்துக்கொள்வார்.

'ஸ்பேஸ் டிரக்கிங்' ரிஃப்பை, திரும்பத் திரும்ப வரும் அந்தச் சங்கதியை, பலர் கிதார் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். உறுமுவது எந்த வாத்தியம் என்று அப்புறம் பேசுவோம்.

ஆறாவதுதந்தி

'ஸ்மோக் ஆன் த வாட்டர்'? அது யார் ரிஃப்?

கறுப்புக்கட்டை

அவருடையதுதான், யார் இல்லை என்றது? பிக் இல்லாமல் விரலால், இரண்டு தந்தியை ஒன்றாகச் சுண்டி, நான்காம் இடைவெளியில் வாசிக்கிறார். முதலில் கிதார் தனியாக வருகிறது, மற்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே நுழைகிறார்கள். லார்ட் அதே ரிஃப்பை அதே சுருதியில் உறுமும் ஆர்கனில் இரட்டிக்கிறார். ஊர் முழுக்கக் கிதார் கற்கும் பிள்ளைகள் அதை வாசிக்கும்போது ஏதோ ஒல்லியாகக் கேட்கிறதே, ஏன் என்று நினைக்கிறீர்கள்? அவர்களிடம் பாதி ரிஃப்தான் இருக்கிறது.

நள்ளிரவுவானொலி

'ஸ்மோக் ஆன் த வாட்டர்' இருக்கும் 'மெஷின் ஹெட்' ஆல்பத்தின் பேச்சு வந்துவிட்டதால் ஒரு சேதி. அந்த ஆல்பத்தின் ஒலிக்கு ஆட்களோடு கட்டடமும் ஒரு காரணம். 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மாண்ட்ரோவுக்குப் போனது கேசினோ அரங்கில் பதிவு செய்ய. டிசம்பர் 4 அன்று ஃபிராங்க் ஸாப்பா கச்சேரியில் யாரோ சுட்ட ஃபிளேர் துப்பாக்கியால் கேசினோ எரிந்துபோனது. அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும், பாட்டே அதுதான்.

பின்னால் நடந்தது அதைவிட ருசி. பெவிலியன் என்ற அரங்கில் இடம் கிடைத்தது. ராத்திரியில் இந்த ரிஃப்பைப் போட்டு அடித்ததும் ஊரே எழுந்துகொண்டது. போலீஸ் வந்து கதவைத் தட்ட, டேக் முடியும்வரை பேண்டின் ஆட்கள் உள்ளிருந்து கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்களாம். அங்கிருந்தும் கிளப்பிவிட்டார்கள். கடைசியில் குளிர்காலத்துக்காக மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டல். நடைபாதையில் வாத்தியங்கள், எதிரொலியை அடக்க மெத்தைகள், வெளியே ரோலிங் ஸ்டோன்ஸுக்குச் சொந்தமான ஒலிப்பதிவு வண்டி. வாசித்ததைக் கேட்க வேண்டுமானால் அறைகள், குளியலறை, பால்கனி என்று தாண்டித் தாண்டி வண்டிக்குப் போக வேண்டும். அலுத்துப்போய், 'சரியாக வந்துவிட்டது என்று தோன்றினால் சரிதான்' என்று கேட்பதையே விட்டுவிட்டார்கள். அந்த ஆல்பத்தில் இருக்கிற உயிர்ப்புக்கு அந்தச் சோம்பேறித்தனம் ஒரு காரணம் என்றே எனக்குப் படுகிறது.

2024-இல் அந்த ஆல்பத்தைப் புதிதாக ரீமிக்ஸ் செய்தவர் டுவீஸில் ஸாப்பா. அன்றைக்கு மேடையில் இருந்தவரின் மகன்.

கேசட்காலம்

நன்றி வானொலி. ஆனால் கட்டடம் என்ற வாதத்துக்கு ஒரு தடை போடுகிறேன். 'பர்ன்' எங்கே பதிவானது? 1973 நவம்பரில், அதே மாண்ட்ரோ, அதே ரோலிங் ஸ்டோன்ஸ் வண்டி, அதே ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பர்ச். மார்க் 2-இன் பாடகர் கில்லனும் பாஸ்காரர் குளோவரும் போய், கவர்டேலும் ஹியூஸும் வந்தார்கள், அது மார்க் 3. மற்ற மூவரும் பழைய ஆட்கள். இருந்தும் இரண்டு ஆல்பமும் ஒன்றாகவா ஒலிக்கின்றன? இதைவிடச் சுத்தமான பரிசோதனை ராக் வரலாற்றில் அதிகம் கிடைக்காது.

தாளக்கட்டு

இந்த இடத்தில் நான் நுழைகிறேன். இவ்வளவு நேரம் ஆர்கன், கிதார் என்று இரண்டு பேருமே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பேண்டில் நிரந்தரமாக இருந்த ஒரே மனிதரைப் பற்றி ஒரு வரிதான் வந்திருக்கிறது.

'மெஷின் ஹெட்'டுக்கும் 'பர்ன்'னுக்கும் என்ன வித்தியாசம் என்று டிரம்ஸ் பக்கம் இருந்து கேளுங்கள். குளோவர் பாஸ் வாசிப்பது நேர்க்கோடு. 'ஹைவே ஸ்டார்' ஆரம்பத்தில் ஒரே சுரத்தை விடாமல் தள்ளிக்கொண்டே போவார். அப்படி ஒருவர் சாலை போட்டுக்கொடுத்தால் டிரம்மர் மேலே சவாரி செய்யலாம். ஹியூஸ் டிராபீஸ் குழுவில் இருந்து வந்தவர், ஃபங்க் ஆசாமி. அடி விழ வேண்டிய இடத்தில் விடமாட்டார், கொஞ்சம் முன்னே பின்னே தள்ளிப் போடுவார். பெய்ஸ் அதற்கு ஏற்ற மாதிரி ஆளே மாறிவிடுகிறார். 'பர்ன்' பாட்டில் சரணம் பாடும்போது பின்னால் ஒரு நிமிடம்கூட சும்மா இருப்பதில்லை, முழுக்க ஃபில்தான், இடைவெளியை நிரப்பும் உருட்டல். வேறு பேண்டாக இருந்தால் பாடகர் சண்டைக்கு வந்திருப்பார்.

இடதுகைக்காரர். பெரிய ஸ்விங் பேண்ட் டிரம்மர்களைக் கேட்டு வளர்ந்தவர். எடை போட்டு அடிப்பதைவிட உருட்டி அடிப்பதில்தான் கெட்டி. இரண்டாவது பாஸ் டிரம் வைத்துக்கொண்டது 'ஃபயர்பால்' போன்ற ஒன்றிரண்டு பாட்டுக்குத்தான். அந்தப் பாட்டின் தொடக்கத்தில் புஸ்ஸென்று ஒரு இயந்திரம் கிளம்பும், கவனித்திருக்கிறீர்களா? ஸ்டூடியோ ஏ.சி. அது. அதையும் பதிவு செய்து சேர்த்துவிட்டார்கள்.

என் கட்சி: டீப் பர்ப்பிள் எப்போது கேட்டாலும் கனமான பேண்டாக இருந்தும் ஆடத் தோன்றுகிறதே, அதுதான் அவர்கள் கையெழுத்து. அது பெய்ஸ் கை. சமகால கனராக் பேண்டுகள் பலவற்றில் அது கிடையாது.

புதுசுகாது

படித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்கிறேன். 'பர்ன்'னில் இரண்டு பேர் பாடுகிறார்களா? ஒரே ஆள் குரலை ஏற்றுகிறார் என்று நினைத்தேன்.

கேசட்காலம்

இரண்டு பேர். கீழே, கரகரப்பாக, ப்ளூஸ் வாடையோடு வருவது டேவிட் கவர்டேல். ரெட்கார் என்ற ஊரில் துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். 'பாடகர் தேவை' என்ற செய்தி பார்த்து டேப் அனுப்பினார். மேலே வானத்துக்குப் போவது கிளென் ஹியூஸ், பாஸ்காரரே அவர்தான். அவர் மனசெல்லாம் சோல் இசையில்.

கில்லன் காலத்தில் குரலும் ஒரு வாத்தியம். 'மேட் இன் ஜப்பான்' ஆல்பத்தில், 1972 ஆகஸ்ட், ஒசாகாவிலும் டோக்கியோவிலும் பதிவானது, 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்' பாட்டில் பிளாக்மோர் ஒரு சங்கதி போட, கில்லன் அதைக் குரலில் அப்படியே திருப்பிப் போடுவார். அதற்கு மேல் இன்னொன்று, அதற்கும் மேல் இன்னொன்று. மார்க் 3-இல் அந்தப் போட்டி கிதாரோடு நடக்கவில்லை, இரண்டு பாடகருக்குள்ளேயே நடந்தது. கிதார் கொஞ்சம் ஓரமாக நிற்க வேண்டிவந்தது.

ஆறாவதுதந்தி

அதனால்தான் பிளாக்மோர் கிளம்பினார். 'ஸ்டார்ம்பிரிங்கர்' 1974 கடைசியில் வந்தது, ஃபங்க் அதில் பாதி. அவருக்கு அது சுத்தமாக ஆகவில்லை. 'பிளாக் ஷீப் ஆஃப் த ஃபேமிலி' என்ற குவாட்டர்மாஸ் பாட்டைப் பண்ணலாம் என்றார், இவர்கள் வேண்டாம் என்றார்கள். ரானி ஜேம்ஸ் டியோவையும் அவருடைய எல்ஃப் குழுவையும் வைத்துத் தனியாகப் பதிவு செய்யப் போனவர், ரெயின்போ என்று முழு பேண்டோடு வெளியே வந்தார். அவர் போனதும் டீப் பர்ப்பிள் ஒரு வருடம் தாண்டவில்லை. இதற்கு என்ன பதில்?

கறுப்புக்கட்டை

அந்த ஒரு வருடத்தில் அவர்கள் போட்ட ஆல்பத்தை உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்களா?

'கம் டேஸ்ட் த பேண்ட்', 1975. பிளாக்மோர் இடத்துக்கு வந்த டாமி போலின் அமெரிக்கர், பில்லி கோபமின் 'ஸ்பெக்ட்ரம்' ஜாஸ் ஃபியூஷன் ஆல்பத்தில் வாசித்தவர். பிளாக்மோர் கிதாரில் பாக் வாடை அடிக்கும். 'ஹைவே ஸ்டார்' சோலோவை முன்கூட்டியே சுரம் சுரமாகத் திட்டமிட்டு வாசித்தார். போலினிடம் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. எக்கோ இயந்திரம், ஸ்லைடு, அமெரிக்க ஃபங்க். 'யூ கீப் ஆன் மூவிங்' கவர்டேலும் ஹியூஸும் முன்பே எழுதிவைத்தது. பிளாக்மோர் இருந்தவரை எடுபடவில்லை. அந்தப் பாட்டில் பாஸ் மெதுவாக நடக்க, இரண்டு குரலும் ஒன்றன் மேல் ஒன்று படிய, லார்டின் ஆர்கன் நடுவில் ஒரு சோலோ எடுக்கும். சண்டைக்கு எதிராளி இல்லாதபோது அந்த ஆர்கன் எப்படிப் பேசும் என்பதற்கு அதுதான் எனக்கு உதாரணம்.

ஸ்டூடியோவில் ஜெயித்தார்கள், மேடையில் தோற்றார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். 1975 டிசம்பரில் டோக்கியோ கச்சேரி. போலினின் இடது கை சரியாக இயங்கவில்லை. போதைப் பழக்கம் முற்றியிருந்த காலம். கிதார் வர வேண்டிய இடங்களையெல்லாம் லார்ட் ஆர்கனால் நிரப்பிக்கொண்டே போகிறார். 'லாஸ்ட் கன்சர்ட் இன் ஜப்பான்' என்று ஆல்பமாகவும் வந்துவிட்டது, பாவம். முன்பே சொன்னேனே, தரை பிடித்துக்கொள்ளும் வேலை என்று. அன்றைக்கு அவர் தரையும் சுவரும் கூரையுமாக இருந்திருக்கிறார். 1976 மார்ச்சில் லிவர்பூல் கச்சேரியோடு பேண்ட் கலைந்தது. அந்த வருட இறுதிக்குள் போலின் இறந்துவிட்டார். வயது 25.

நள்ளிரவுவானொலி

1980-இல் மார்க் 1 பாடகர் ராட் எவன்ஸை முன்னால் நிறுத்தி, மற்ற நால்வரும் யாரென்றே தெரியாத ஆட்களாக, டீப் பர்ப்பிள் என்ற பெயரில் அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் ஒரு கூட்டம் கச்சேரி செய்தது. கூட்டம் கோபத்தில் கொந்தளித்தது, வழக்கு நடந்தது, 6,72,000 டாலர் நஷ்டஈடு என்று தீர்ப்பு. எவன்ஸ் அசல் உறுப்பினர்தான், 'ஹஷ்' பாடி அமெரிக்காவில் 4-ஆம் இடம் பிடித்தவர்தான். ஆனாலும் சனம் ஏற்கவில்லை. கேசட்காலம் சாரின் கேள்விக்கு இதுவும் ஒரு பதில்.

ஆறாவதுதந்தி

சரி, 1984-க்கு வருவோம். மார்க் 2 மீண்டும் சேர்ந்து 'பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்'. அந்தத் தலைப்புப் பாட்டில் கிதார் சோலோ கிடையாது. ஆர்கன்தான் திறக்கிறது. இதை நானே எடுத்துக் கொடுக்கிறேன், என் கட்சிக்கு எதிரானது என்றாலும்.

ஆனால் காரணம் வேறு என்பேன். ரெயின்போவில் பிளாக்மோர் வருடக்கணக்காக ஒரு விஷயம் பழகியிருந்தார்: மெதுவான, கிழக்கத்திய சாயல் உள்ள, கோட்டைச் சுவர் மாதிரி ரிஃப். குளோவரும் அவரோடு ரெயின்போவில் பாஸ் வாசித்து, தயாரிப்பாளராகவும் இருந்தவர். 1984 டீப் பர்ப்பிளில் 1972 டீப் பர்ப்பிளைவிட ரெயின்போதான் அதிகம். 1989-இல் கில்லனை அனுப்பிவிட்டு, ரெயின்போவில் பாடிய ஜோ லின் டர்னரையே கொண்டுவந்து 1990-இல் 'ஸ்லேவ்ஸ் அண்ட் மாஸ்டர்ஸ்' போட்டபோது 'டீப் ரெயின்போ' என்று ரசிகர்களே கேலி செய்தார்கள். ஆர்கன் அதே லார்ட், டிரம்ஸ் அதே பெய்ஸ். இருந்தும் வேறு பேண்டாக ஒலிக்கிறதே? ஆர்கன் கட்சியும் டிரம்ஸ் கட்சியும் இதை விளக்குங்கள் பார்ப்போம்.

தாளக்கட்டு

விளக்கம் சுலபம். எண்பதுகளின் டிரம்ஸ் பதிவு. ஒவ்வொரு அடிக்கும் குகைக்குள் அடித்த மாதிரி எதிரொலி. பெய்ஸின் சின்னச் சின்ன உருட்டல்கள், ஸ்னேரில் தட்டியும் தட்டாமலும் போகும் அடிகள், எல்லாம் அந்த எதிரொலியில் மூழ்கிப்போயின. 1987-இன் 'த ஹவுஸ் ஆஃப் புளூ லைட்' இதில் மோசம். ஆள் இருந்தார், ஒலி இல்லை.

கறுப்புக்கட்டை

ஆர்கனுக்கும் அதே கதி. சின்தசைசர் மேலே ஏறிக்கொண்டது, ஹேமண்ட் உறுமல் கீழே போனது. லார்ட் அங்கே சம்பளத்துக்கு வந்தவர் போலவே வாசிக்கிறார். 'தகராறு எந்தப் பக்கம் சாய்ந்தது' என்ற சாரின் அளவுகோலை வைத்தால், இங்கே தகராறே நடக்கவில்லை. ஒரு பக்கம் வாக்கோவர்.

புதுசுகாது

மோர்ஸ் எப்போது வந்தார்? சாட்ரியானியும் இருந்தார் என்று எங்கேயோ படித்தேன்.

நள்ளிரவுவானொலி

கில்லனைத் திரும்பக் கூப்பிட்டு 1993-இல் 'த பேட்டில் ரேஜஸ் ஆன்' போட்டார்கள். பெயருக்கு ஏற்ற மாதிரியே நடந்தது. நவம்பர் 17, ஹெல்சிங்கி கச்சேரியோடு பிளாக்மோர் போய்விட்டார், நிரந்தரமாக. டிசம்பரில் ஜப்பான் பயணம் ஒப்புக்கொண்டாயிற்று. அவசரத்துக்குக் கைகொடுத்தவர் ஜோ சாட்ரியானி, 1994 கோடை வரை வாசித்தார். ஸ்டூடியோ ஆல்பம் எதுவும் இல்லை. 1994 கடைசியில் ஸ்டீவ் மோர்ஸ். அமெரிக்கர், டிக்ஸி டிரெக்ஸ் குழுவை உருவாக்கியவர், கன்சாஸ் குழுவிலும் இருந்தார். அவர் சேர்ந்த சில மாதத்தில், 1995-இல், பம்பாய்க்கு வந்து வாசித்தார்கள். அந்தக் கச்சேரி வீடியோவாகவும் வந்திருக்கிறது, தேடிப் பாருங்கள். பேண்டில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கவே அதிசயமாக இருக்கும்.

பம்பாய் என்றதும் இன்னொன்று. 'சைல்ட் இன் டைம்' தொடக்க ஆர்கன் இழை, இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே என்ற சான் ஃபிரான்சிஸ்கோ குழுவின் 'பாம்பே காலிங்' வயலின் பாட்டிலிருந்து எடுத்தது. அவர்கள் பதிலுக்கு 'ரிங் தட் நெக்'கை எடுத்துக்கொண்டார்கள். கணக்கு நேர்.

கேசட்காலம்

மோர்ஸ் காலத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத்தான் நம் ஆட்கள் கேட்காமலே ஒதுக்குகிறார்கள்.

பிளாக்மோரின் கிதாரில் காத்திருப்பு அதிகம். ஒரு சுரத்தை விட்டுவிட்டு, இவர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்று எல்லோரையும் பதற வைப்பார். அந்த இடைவெளியில்தான் லார்ட் வந்து கடிப்பார். மோர்ஸ் இடைவெளி விடாத ஆள். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகப் பிக் போட்டு வாசிப்பார், எவ்வளவு வேகமானாலும். எதிரொலியைத் தனி ஆம்பில் விட்டு, அதைக் காலால் மிதித்து ஏற்றி இறக்குவார். அதனால் ஒரே கிதார் அறை முழுக்கப் பரவிவிடும். இதற்கு லார்ட் கண்ட வழி, சண்டையை விட்டுவிட்டு ஒன்றாக ஓடுவது. 'பர்பெண்டிகுலர்' ஆல்பத்தில், 1996, ஆர்கனும் கிதாரும் ஒரே சங்கதியைச் சேர்ந்து வாசிக்கும் இடங்களைக் கவனியுங்கள். 'மெஷின் ஹெட்'டில் சேர்ந்து போனால் அடுத்த நிமிடம் முறைத்துக்கொள்வார்கள். இங்கே முறைப்பு இல்லை. நல்ல ஆல்பம், அவர்களுடைய பிற்கால வேலையில் எனக்கு முதலிடம் அதற்குத்தான். ஆனால் அபாயம் குறைந்துவிட்டது என்று சொல்பவர்களை மறுக்க மாட்டேன்.

2002-இல் லார்ட் ஓய்வு பெற, டான் ஏரி வந்தார். அவரும் ரெயின்போவில் இருந்தவர், ஆஸி ஆஸ்போர்னின் 'மிஸ்டர் குரோலி' தொடக்கம் அவர் கைவண்ணம். ஹேமண்டை உறும வைக்கத் தெரிந்த ஆள். லார்ட் மாதிரி வாசிக்க முயலவில்லை. அதுவே அவருக்கு மரியாதை.

ஆறாவதுதந்தி

'பனானாஸ்' என்று ஆல்பத்துக்குப் பெயர் வைத்ததையும் மரியாதையில் சேர்க்கலாமா?

கேசட்காலம்

அட்டைப்படத்தைப் பார்க்காமல் கேட்கவும்.

தாளக்கட்டு

எல்லோரும் காது கொடுத்தால் ஒரு சோதனை சொல்கிறேன். 1968-இல் அவர்கள் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு 'அண்ட் த அட்ரஸ்'. பாடகர் இல்லாத பாட்டு. அதையே 2020-இல் 'ஊஷ்' ஆல்பத்தில் மறுபடி பதிவு செய்திருக்கிறார்கள். முதலில் பிளாக்மோர், லார்ட், சிம்பர், பெய்ஸ். பிந்தியதில் மோர்ஸ், ஏரி, குளோவர், பெய்ஸ். 52 வருட இடைவெளி, பொதுவான ஆள் ஒருவர். அடுத்தடுத்து ஓட விடுங்கள்.

நான் கேட்டதைச் சொல்கிறேன். பழையதில் எல்லோரும் கொஞ்சம் முண்டியடிக்கிறார்கள், டிரம்ஸ் பின்னால் எங்கோ தகர டப்பாவில் இருக்கிறது. புதியதில் பாப் எஸ்ரின் தயாரிப்பு, ஒவ்வொன்றும் தன் இடத்தில் துல்லியமாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அந்த நடை, ஒவ்வொரு அடியையும் கொஞ்சம் துள்ளவிடும் அந்த நடை, இரண்டிலும் ஒன்றுதான். 2016-இல் லேசான பக்கவாதம் வந்து, வாழ்நாளில் முதல் தடவையாக டீப் பர்ப்பிள் கச்சேரியைத் தவறவிட்ட மனிதர் வாசித்தது இது.

கறுப்புக்கட்டை

ஓட விட்டேன். நடை ஒன்றுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆர்கனைக் கேளுங்கள் தாளக்கட்டு. 1968-இல் லார்ட் இன்னும் மார்ஷலுக்குப் போகவில்லை. 2020-இல் ஏரி வாசிப்பது 1970-இன் உறுமலோடு. அதாவது, மார்க் 1 பாட்டை மார்க் 2-இன் ஆர்கன் ஒலியில் வாசிக்கிறார்கள், மார்க் 8. பேண்ட் எதைத் தன் குரல் என்று நினைக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆறாவதுதந்தி

நான் 'பிளட்சக்கர்' ஒப்பிட்டேன். 1970 'இன் ராக்'கிலும் 1998 'அபாண்டன்'னிலும் இருக்கிறது. இரண்டிலும் கில்லன், குளோவர், லார்ட், பெய்ஸ். கிதார் மட்டும் மாறியிருக்கிறது. பழையதில் கிதாரும் ஆர்கனும் மாறி மாறித் துண்டு துண்டாகச் சோலோ வாசித்துக்கொள்கிறார்கள், கை நீட்டி அடித்துக்கொள்வது போல. புதியதில் அதே அமைப்பு, எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் காயம் படவில்லை. என் கட்சிக்கு இது போதும். நான்கு பேர் அப்படியே இருந்தும் கிதார் மாறியதால் மாறிய ஒலி.

தாளக்கட்டு

28 வயசும் கூடியிருக்கிறது எல்லோருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். 'சைல்ட் இன் டைம்' உச்சஸ்தாயியை கில்லன் 2000-களின் தொடக்கத்திலேயே மேடையில் விட்டுவிட்டார். பாடகர் கீழே இறங்கினால் கிதாரும் இறங்கித்தான் ஆக வேண்டும்.

புதுசுகாது

இப்போதைய கிதார்காரர் எப்படி? யாரும் சொல்லவில்லையே.

நள்ளிரவுவானொலி

சைமன் மெக்பிரைட், பெல்ஃபாஸ்ட்காரர். மனைவியின் உடல்நிலை காரணமாக மோர்ஸ் 2022-இல் விலகியதும் வந்தார். முன்பே ஏரியோடும் கில்லனோடும் வாசித்தவர். 2024-இன் 'ஈக்வல்ஸ் ஒன்' அவர் வந்த பிறகு வந்த முதல் ஆல்பம். மோர்ஸைவிடக் கரடு, ப்ளூஸ் அதிகம், ரிஃப் போட்டு நிற்கத் தெரிகிறது. இடைவெளியும் விடுகிறார். ஏரி அந்த இடைவெளியில் நுழைந்து கடிக்கிறார். கேசட்காலம் சாரின் தகராறு திரும்பிவிட்டது என்றே சொல்லலாம்.

ஆறாவதுதந்தி

கிதார் மாறியதால் திரும்பியது என்பதை அடிக்கோடிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

கறுப்புக்கட்டை

திரும்பி வந்து எதோடு தகராறு செய்கிறது என்பதையும் அடிக்கோடிடுங்கள்.

கேசட்காலம்

தம்பி புதுசுகாது, இவர்கள் இப்படியே போவார்கள். நேரடியாக மேடைப் பதிவுகளுக்குப் போ. மார்க் 2-க்கு 'மேட் இன் ஜப்பான்', ஹெட்ஃபோனில், ஒரு காதில் ஆர்கனும் மறுகாதில் கிதாரும் வரும். மார்க் 3-க்கு 1974 கலிபோர்னியா ஜாம் வீடியோ, பிளாக்மோர் கேமராவைக் கிதாரால் குத்துவதையும் பார்த்துவிடலாம். மார்க் 4-க்கு ஜப்பான் ஆல்பம் வேண்டாம், 1976 லாங் பீச் கச்சேரி இருக்கிறது, அதில் போலின் நல்ல நிலையில் இருக்கிறார். மோர்ஸும் லார்டும் சேர்ந்திருந்த மார்க் 7-க்கு 1996 பாரிஸ் ஒலிம்பியா, பித்தளை வாத்தியக்காரர்களும் கூட உண்டு. டர்னர் காலத்துக்கு எதுவும் சொல்லவில்லை, அது வேண்டுமென்றேதான்.